பொறியியல் துறைக்கான உள் நடைமுறைகளை எழுதும் முறை

ஒரு நிறுவனத்தின் பொறியியல் துறையில் வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒருவர் முடித்த வேலை இன்னொருவர் கைக்குப் போகும் இடம் ஒன்று. யாராவது ஒருவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடிவு சொல்ல வேண்டிய இடம் மற்றொன்று. கணக்குப் போடவும் வரைபடம் வரையவும் தெரிந்த பொறியாளருக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்க நடைமுறை ஆவணம் தேவையில்லை. ஆனால் தான் வரைந்ததை யார் சரிபார்க்க வேண்டும், எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்ததற்கான சான்று எங்கே இருக்கும், எந்த நிலையை எட்டிய பிறகு அது கொள்முதல் பிரிவுக்குப் போகலாம் என்பவற்றை எவ்வளவு திறமையுள்ளவரும் தானாக ஊகித்துக்கொள்ள முடியாது. நடைமுறை எழுத உட்காருபவர் தம் உழைப்பின் பெரும்பகுதியை இந்த இரண்டு இடங்களில் செலவிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் உள் நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் உயிரிழந்தனர். நான்காம் மாடிப் பாலத்தையும் அதற்கு நேர்கீழே இருந்த இரண்டாம் மாடிப் பாலத்தையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே தொடர் கம்பிகள் தாங்குவதாகத்தான் மூல வடிவமைப்பு இருந்தது. கட்டுமான வசதிக்காக அந்தக் கம்பிகள் இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அதன் பிறகு கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் விட்டத்திலிருந்து தொங்கியது. மேல்பால இணைப்பு தாங்க வேண்டிய சுமை இரட்டிப்பானது. மாற்றம் காட்டும் வரைபடங்கள் ஒப்புதல் முத்திரை பெற்றே களத்திற்குப் போயின. அந்த இணைப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில் வரைந்தவர்களும் ஒப்புதல் அளித்தவர்களும் ஆளுக்கொரு எண்ணத்தில் இருந்தார்கள்.

மென்பொருள் துறைக்கும் இது பொருந்தும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் புதிய நிரல் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே ஏற்றப்பட்டிருந்தது. விடுபட்ட ஒன்றில் பழைய நிரல் விழித்துக்கொண்டதால் சுமார் 45 நிமிடங்களில் தவறான ஆர்டர்கள் குவிந்து, நிறுவனம் 46 கோடி டாலருக்கும் அதிகமாக இழந்தது. நிரல் ஏற்றப்பட்டதை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் எழுத்து நடைமுறை அங்கே இல்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் தன் உத்தரவில் குறிப்பிட்டது. இரண்டு நிகழ்வுகளிலும் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். வேலை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் இடத்தில்தான் பிளவு இருந்தது.

எதை எழுதுவது, எதை விடுவது

துறையில் நடக்கும் எல்லா வேலைகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணம் என்று திட்டமிடுவது பலரும் எடுக்கும் முதல் முடிவு. அப்படி எழுதப்பட்ட தொகுப்பு அலமாரியை நிரப்பும். ஆனால் யாரும் அதைத் திறக்கமாட்டார்கள். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 கேட்கிறது என்பதைக் காரணமாகச் சொல்பவர்கள் அத்தரநிலையின் போக்கைக் கவனிக்க வேண்டும். அதன் 2008 பதிப்பு ஆறு நடைமுறைகளை மட்டுமே எழுத்தில் வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்தியது: ஆவணக் கட்டுப்பாடு, பதிவுக் கட்டுப்பாடு, உள் தணிக்கை, தரம் பொருந்தாத பொருள்களைக் கட்டுப்படுத்துதல், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயப் பட்டியலும் போய்விட்டது, தரக் கையேடு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் போய்விட்டது. எந்த அளவுக்கு எழுதி வைப்பது என்பதை நிறுவனத்தின் அளவும் வேலையின் சிக்கலும் ஆட்களின் திறனும் தீர்மானிக்கட்டும் என்று அது விட்டுவிட்டது. ஆகவே எண்ணிக்கை பெருகினால் தணிக்கையாளர் மகிழ்வார் என்று எண்ணுவதற்கு இடமில்லை. எழுதி வைத்தபடி நடக்கவில்லை என்ற குறிப்புகள்தான் கூடும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்குத் துறையின் சொந்தக் கோப்புகளே விடை சொல்லும். கடந்த ஓராண்டில் உற்பத்திப் பிரிவிலிருந்து திரும்பி வந்த வரைபடங்கள், வரைபடத்தின் தவறான திருத்தப் பதிப்பின்படி தயாரிக்கப்பட்ட பாகங்கள், வாடிக்கையாளர் புகாரில் முடிந்த மாற்றங்கள், ‘அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்’ என்று யாராவது சொன்ன கூட்டங்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஒரு சில தலைப்புகளுக்குள் அடங்கிவிடும்: கணக்கீட்டைச் சரிபார்த்தல், வரைபடத்தை வெளியிடுதல், வெளியிட்டதை மாற்றுதல், விதிவிலக்கு அளித்தல், சோதனை முடிவை ஏற்றல். முதல் ஆண்டில் இந்த ஐந்தையும் நன்றாக எழுதி முடித்தாலே போதும். விடுப்புக் கோரிக்கை, கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல் தலைப்பு எழுதும் விதம் போன்றவற்றுக்கு நடைமுறை எழுதும் ஆசையை இப்போதைக்கு ஒத்திப்போடலாம்.

ஆவணத்தின் படிநிலைகளையும் கலக்கக் கூடாது. கொள்கை என்பது நிறுவனம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று சொல்வது. நடைமுறை என்பது பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் யார், எப்போது, எதைச் செய்கிறார் என்று சொல்வது. வேலை அறிவுறுத்தல் என்பது ஒரே ஆள் ஒரே இடத்தில் செய்யும் வேலையின் படிகளைச் சொல்வது. படிவம் நடந்ததற்குச் சான்று. எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற விவரத்தை நடைமுறைக்குள் கொண்டுவந்தால், மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் துறைத் தலைவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க நேரிடும். அது வேலை அறிவுறுத்தலில் இருக்க வேண்டிய விவரம்.

வேலை உண்மையில் நடக்கும் விதம்

எழுதத் தொடங்குமுன் வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும். ‘இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் எல்லாரும் அது எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் சொல்வார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, பொதுப்படையான கேள்விக்குப் பொதுப்படையான விடைதான் வரும். ‘கடைசியாக வெளியிட்ட வரைபடத்தைக் காட்டுங்கள், அது யார் யார் கையைக் கடந்து வந்தது என்று சொல்லுங்கள்’ என்று கேட்டால் விடை மாறிவிடும். உண்மையான ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, அது பிறந்த மேசையிலிருந்து கடைசியாகச் சேர்ந்த மேசைவரை கூடவே நடந்து போவதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். அண்மையில் முடிந்த நான்கைந்து கோப்புகளை இப்படித் தொடர்ந்தால் வேலையின் உண்மையான பாதை தெரிந்துவிடும். அவற்றுள் ஒன்றாவது அவசரமாக முடிந்த கோப்பாக இருக்கட்டும், ஏனெனில் குறுக்குவழிகள் அங்கேதான் வெளிப்படும்.

வடிவமைப்பாளர் சொல்வதும் உற்பத்திப் பொறியாளர் சொல்வதும் முரண்படும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த முரண்பாடு எழுதுபவருக்குக் கிடைத்த பெரிய செல்வம். நடைமுறை தீர்க்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. வேலை நிலைத்துப்போன துறைகளிலும் இத்தகைய கேள்விகள் பல இருக்கும்: சப்ளையர் கேட்ட மாற்றுப் பொருளை யார் ஏற்கலாம்? சோதனை இன்னும் முடியாத நிலையில் பாகத்தைத் தயாரிக்கும் அச்சுக்கு ஆர்டர் கொடுக்கலாமா? இவற்றுக்கு எழுதுபவர் தாமாக விடை கண்டுபிடித்து, ஆவணத்தின் நடுவில் ஒரு வாக்கியமாகச் செருகிவிடுவது மிகப் பெரிய தவறு. கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, இருக்கக்கூடிய விடைகளையும் ஒவ்வொன்றின் விளைவையும் சேர்த்துத் துறைத் தலைவர் முன் வைத்து முடிவு வாங்க வேண்டும். எழுதும் காலத்தில் பாதி இந்த முடிவுகளுக்காகக் காத்திருப்பதில் போகும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவை வேலையைச் செய்பவரே எழுத வேண்டுமா, ஆவணம் எழுதுவதில் பழகியவர் எழுத வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். செய்பவர் எழுதினால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்ற எண்ணத்தில் பல படிகள் விடுபடும். எழுத்தாளர் மட்டும் எழுதினால் வாசகம் அழகாக இருக்கும், ஆனால் வேலை அதில் இருக்காது. செய்பவர் பேச, எழுத்தாளர் கேள்வி கேட்டுக்கொண்டே எழுதி, உடனே அவருக்கே வாசித்துக் காட்டுவதுதான் நல்ல பலன் தருகிறது.

வாக்கியங்களை அமைத்தல்

நடைமுறையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: செய்பவர், செயல், செயலுக்கு உரிய பொருள், செய்ததற்கான சான்று. எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. ‘சரிபார்க்கப்பட வேண்டும்’, ‘அனுப்பி வைக்கப்படும்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுவதும் அலுவலகத் தமிழின் பழக்கம். இவை இரண்டும் சேரும்போது பொறுப்பு காணாமல் போய்விடுகிறது. ‘வரைபடங்கள் உரிய முறையில் சரிபார்க்கப்பட்ட பின் சம்பந்தப்பட்டவர்களுக்கு உடனடியாக அனுப்பி வைக்கப்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் எவரும் அதில் குறை காணமாட்டார்கள்; அதன்படி ஒரு வேலையும் செய்யவும் முடியாது. உரிய முறை எது, சம்பந்தப்பட்டவர்கள் யார், உடனடி என்றால் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் படிப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கின்றன.

அதையே இப்படி எழுதலாம்: ‘வரைபடத்தை வரைந்தவர் அல்லாத ஒரு மூத்த வடிவமைப்பாளர், சரிபார்ப்புப் பட்டியலின் எல்லா வரிகளையும் நிரப்பி, வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் கையொப்பமிடுகிறார். கையொப்பமிட்ட நாளிலிருந்து இரண்டு வேலை நாள்களுக்குள் ஆவணக் கட்டுப்பாட்டாளர் அதை வெளியீட்டுக் கோப்புறையில் சேர்த்து, கொள்முதல், உற்பத்தி, தரப் பிரிவுகளின் பொது முகவரிகளுக்கு அறிவிப்பு அனுப்புகிறார்.’ இது நீளம்தான், ஆனால் தணிக்கையாளரும் புதிதாகச் சேர்ந்தவரும் இதை ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள். வரைவு முடிந்ததும் ‘உரிய’, ‘தகுந்த’, ‘தேவைப்பட்டால்’, ‘இயன்றவரை’, ‘அவ்வப்போது’, ‘சம்பந்தப்பட்ட’ ஆகிய சொற்களை ஆவணம் முழுவதும் தேடி, வரும் இடத்தில் எல்லாம் நின்று, அங்கே எடுக்கப்படாத முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

கட்டாயத்தின் அளவையும் வினைமுற்றாலேயே காட்ட வேண்டும். ஐஎஸ்ஓ தரநிலைகளை எழுதுபவர்களுக்கான விதிகள், கட்டாயத்துக்கும் பரிந்துரைக்கும் அனுமதிக்கும் தனித்தனி வினைவடிவங்களை வரையறுத்து, அவற்றைக் கலக்கக் கூடாது என்கின்றன. நாமும் ‘வேண்டும்’ என்பதை மீறக் கூடாத கட்டாயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பரிந்துரைக்கு ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றும், அனுமதிக்குச் ‘செய்யலாம்’ என்றும் எழுதி, இந்த மூன்றின் பொருளை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். எல்லா வாக்கியமும் ‘வேண்டும்’ என்று முடியும் ஆவணத்தில் எது உண்மையான கட்டாயம் என்பதைப் படிப்பவரே தீர்மானித்துக்கொள்வார். அவர் தீர்மானம் அவசர நாளில் தளர்ந்துவிடும்.

ஆட்களின் பெயரை எழுதாமல் பொறுப்பின் பெயரை எழுதுங்கள். அப்பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் எழுதுங்கள். இது விடுபட்ட நடைமுறைகள்தான் மாதக் கடைசியில் மீறப்படுகின்றன. ஒரு முடிவுக்கு ஒருவரே பொறுப்பாளராக இருக்க வேண்டும். ஐந்து பேர் கையொப்பமிடும் படிவத்தில் ஒவ்வொருவரும் மற்ற நால்வர் பார்த்திருப்பார்கள் என்று நம்புவார்கள். கருத்துக் கேட்க வேண்டியவர்கள் பலராக இருக்கலாம். கையொப்பம் மூன்றைத் தாண்டினால் ஒவ்வொன்றும் எதைச் சரிபார்த்ததற்கு அடையாளம் என்பதைப் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.

சான்றைப் பற்றி ஒன்று கூறியே ஆக வேண்டும்: அடுத்த முடிவை எடுக்கப்போகிறவர் தேடும் இடத்தில் அது இருக்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அதற்கான அனுமதிச் சீட்டும் இருந்தது. இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு அது தெரியவராமலே அந்தப் பம்பை இயக்கிவிட்டார்கள். படிவம் நிரப்பப்பட்டதா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், நிரப்பிய படிவம் யார் கண்ணில், எந்த நேரத்தில் படும் என்ற கேள்வியையும் எழுதுபவர் ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்ற நடைமுறை: ஒரு முழு எடுத்துக்காட்டு

வெளியிட்ட வரைபடத்தை மாற்றும் நடைமுறையே பொறியியல் துறையின் ஆவணங்களில் மிக முக்கியமானது. இதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு மற்றவை எளிது. இசிஆர் எனப்படும் மாற்றக் கோரிக்கையையும் இசிஓ எனப்படும் மாற்ற ஆணையையும் முதலில் பிரித்துவைக்க வேண்டும். கோரிக்கையை யாரும் எழுப்பலாம்: கடைசல் இயந்திரத்தில் நிற்பவர், கொள்முதல் அலுவலர், வாடிக்கையாளரின் குறையைக் கேட்டவர். ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் மட்டும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே படிவத்தில் அடக்கும் நிறுவனங்களில், எழுப்புவதற்கே அனுமதி வேண்டும் என்ற தயக்கம் வந்துவிடுகிறது. குறைகள் வாய்மொழியாகவே திரியத் தொடங்குகின்றன.

கோரிக்கைப் படிவத்தில் என்ன குறை, எந்தப் பாகத்தில், எப்படித் தெரியவந்தது என்ற மூன்றையும் கேட்டால் போதும். தீர்வையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது; தீர்வு தெரியாதவரின் குறை அப்போது வராமலே போய்விடும். கோரிக்கை வந்த எத்தனை நாள்களுக்குள் யார் அதைப் பார்த்து, ஏற்கிறோம், மறுக்கிறோம், கூடுதல் தகவல் தேவை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுப்பியவருக்கே சொல்ல வேண்டும் என்ற வரியை எந்நிலையிலும் விடாதீர்கள். பதில் வராத கோரிக்கைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் அடுத்ததை யாரும் எழுதமாட்டார்கள்.

ஏற்ற கோரிக்கையை ஆராயும் படியில்தான் நடைமுறையின் கனம் இருக்கிறது. மாற்றத்தால் எந்தெந்தக் கணக்கீடுகள் செல்லாமல் போகும் என்ற கேள்வியை வரைபடம் மாற்றப்படுமுன் வடிவமைப்புப் பொறியாளர் எழுத்தில் விடையளிக்க வேண்டியதாக ஆக்குங்கள். ‘எதுவும் இல்லை’ என்பதும் ஒரு விடைதான், ஆனால் அதைக் காரணத்தோடும் கையொப்பத்தோடும் எழுத வேண்டும். அடுத்த கேள்வி பாக எண்ணைப் பற்றியது. வடிவம், பொருத்தம், செயல்பாடு ஆகிய மூன்றில் எதுவும் மாறாமல், பழைய பாகத்தின் இடத்தில் புதியதையும் புதியதன் இடத்தில் பழையதையும் தயங்காமல் பொருத்தலாம் என்றால், அதே எண்ணில், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் திருத்தக் குறியை மட்டும் உயர்த்துவது வழக்கம். மூன்றில் ஒன்று மாறி அந்த இருவழிப் பொருத்தம் முறிந்தால் புதிய எண் கொடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை யார் அளிக்கிறார் என்பதையும், ஐயம் வந்தால் புதிய எண் பக்கமே சாய வேண்டும் என்பதையும் எழுதிவிட்டால், ஒரே எண்ணுள்ள இரண்டு வெவ்வேறு பாகங்கள் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் நிலை வராது. திருத்தக் குறிகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவோர், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறு எழுத்துகளை விலக்கியிருப்பதைப் பின்பற்றலாம். ஐயும் ஓவும் ஒன்றாகவும் பூஜ்யமாகவும் படிக்கப்பட்டுவிடும் என்பதை அச்சு மங்கிய தாளைக் கையில் வைத்திருப்பவர் அறிவார்.

பல நிறுவனங்களின் மாற்ற ஆணையில் விடுபடும் பகுதி இருப்பைப் பற்றியது. கிடங்கில் உள்ள பழைய பாகங்கள், பாதி தயாரான பாகங்கள், சப்ளையரிடம் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவை, வாடிக்கையாளரிடம் போய்விட்டவை ஆகிய நான்குக்கும் தனித்தனி வரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் அப்படியே பயன்படுத்துவதா, திருத்திப் பயன்படுத்துவதா, கழித்துவிடுவதா, திருப்பி அனுப்புவதா என்ற முடிவையும் அதை நிறைவேற்றுபவரையும் எழுத வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, அல்லது எந்த வரிசை எண்ணிலிருந்து மாற்றம் நடைமுறைக்கு வருகிறது என்பதும் ஆணையில் இருந்தாக வேண்டும். ‘இனி வரும் உற்பத்தியில்’ என்று எழுதினால், ஈராண்டுகள் கழித்து ஒரு பழுதான பொருள் திரும்பி வரும்போது அதனுள்ளே எந்தத் திருத்தம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, மாற்றம் முடிந்ததென்று யார் சொல்வது? வரைபடம் வெளியானதும் ஆணையை மூடிவிடுவது பரவலான பழக்கம். பாகப் பட்டியல், பரிசோதனைத் திட்டம், பொருத்தும் வேலைக்கான அறிவுறுத்தல், உதிரிபாகக் கையேடு ஆகியவை மாறியிருக்கின்றனவா என்றும், உற்பத்தித் தளத்தில் தொங்கும் பழைய அச்சுப் படிகள் எடுக்கப்பட்டுவிட்டனவா என்றும் ஒருவர் நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஆணையை மூட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தளத்தில் சிவப்பு மையால் திருத்திய வரைபடத்தை வைத்து வேலை செய்யலாமா என்ற கேள்விக்கும் நடைமுறை விடை சொல்லியாக வேண்டும். அனுமதிப்பதானால், யார் எழுதலாம், அந்தத் தாள் எத்தனை நாள் செல்லும், அதற்குள் முறையான திருத்தம் வராவிட்டால் என்ன ஆகும் என்பனவும் கூடவே இருக்கட்டும்.

விதிவிலக்கு

நடைமுறையை மீற வேண்டிய நாள் வந்தே தீரும். குறிப்பிட்ட உருக்கு கிடைக்கவில்லை, சோதனைக் கருவி பழுது, வாடிக்கையாளர் இன்றே கேட்கிறார். விலகுவதற்கான வழியை ஆவணத்திலேயே கொடுக்காவிட்டால் மக்கள் ஆவணத்துக்கு வெளியே வழி தேடிக்கொள்வார்கள். விதிவிலக்குக் கோரிக்கை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்: எதிலிருந்து விலகுகிறோம், ஏன், எத்தனை பாகங்களுக்கு அல்லது எந்தத் தேதிவரை, அதனால் வரக்கூடிய ஆபத்து என்ன, யார் ஏற்கிறார். எண்ணிக்கையோ கெடுவோ இல்லாத விதிவிலக்கை யாரும் ஏற்கக் கூடாது. இரவில் ஏற்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையும் குறிப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய சில படிகளுக்கு விதிவிலக்கே இல்லை என்றும் எழுதலாம். அந்தப் பட்டியல் சிறியதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு இருக்கும்.

எழுதியதைச் சோதித்தல்

வரைவைச் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்டால் எழுத்துப்பிழைகள் திருந்தி வரும்; அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. அந்த வேலையை இதற்குமுன் செய்திராத ஒரு பொறியாளரிடம் ஆவணத்தைக் கொடுத்து, உண்மையான ஒரு கோப்பை அதன்படி நகர்த்தச் சொல்லுங்கள். எழுதியவர் அருகில் அமர்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. அந்தப் பொறியாளர் எங்கே தயங்கி நிற்கிறார், எங்கே பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்க்கிறார், எந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார் என்று குறித்துக்கொண்டால், திருத்த வேண்டிய இடங்கள் தாமாகத் தெரியும். பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து, இதன்படி நடந்துகொண்டே தவறான பாகத்தை வெளியிட முடியுமா என்று முயலச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. மாற்ற நடைமுறையைப் பொறுத்தவரை இது தரும் பயன் மிகப் பெரியது: வடிவமைப்பாளரே தம் வரைபடத்தைச் சரிபார்த்தவராகவும் பதிவாக முடிகிறது என்பது போன்ற ஓட்டைகள் இதில்தான் அகப்படும்.

நீளத்தைப் பற்றித் திட்டமான விதி இல்லை. ஆனால் நோக்கம், பொருந்தும் எல்லை, வரையறைகள், குறிப்புகள் என்று நான்கு பக்கங்கள் கடந்த பிறகே முதல் செயல் தொடங்கும் ஆவணத்தை யாரும் வேலை நேரத்தில் பயன்படுத்தமாட்டார்கள். நோக்கத்தை இரண்டு வரியில் முடித்து, முதல் பக்கத்திலேயே முதல் படியைத் தொடங்குங்கள். வரையறைகள் பின்னால் போகட்டும். கிளைகள் மூன்றுக்கு மேல் பிரியும் இடத்தில் ஓர் ஓட்டப்படம் உதவும். நேர்க்கோட்டில் போகும் வேலைக்கு அதை வரைவது இடத்தை அடைக்கும் வேலை.

வெளியிடுதலும் பழக்குதலும்

நடைமுறைக்கு ஓர் எண், ஒரு திருத்தக் குறி, நடைமுறைக்கு வரும் தேதி, ஓர் உரிமையாளர் ஆகிய நான்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிய வேண்டும். எண்ணுக்குள் துறையின் பெயர்ச் சுருக்கத்தையும் பிரிவின் குறியையும் அடைத்துவைப்பது பலருக்குப் பிடித்த வழக்கம். துறைகள் பிரிந்தும் சேர்ந்தும் மாறும்போது அந்த எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். பொருளற்ற வரிசை எண்ணே நீடித்து நிற்கும். செல்லுபடியாகும் படி ஒரே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அச்சிட்ட படியில் அச்சான நாளைத் தானாகப் பதிக்கவும், அந்த நாளோடு அது காலாவதியாகும் என்று குறிப்பிடவும் மென்பொருளில் வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

‘படித்தேன்’ என்று கையொப்பம் வாங்குவதைப் பயிற்சி என்று கருதக் கூடாது. புதிய நடைமுறை வெளியாகும் வாரத்தில், அது தொடும் ஒவ்வொரு பிரிவையும் அழைத்து, ஏற்கெனவே முடிந்த ஒரு கோப்பை எடுத்து, இது இன்று வந்திருந்தால் எப்படிப் போகும் என்று சேர்ந்து நகர்த்திப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். நடந்துகொண்டிருக்கும் கோப்புகள் பழைய முறையில் முடியுமா, புதிய முறைக்கு மாறுமா என்பதை வெளியீட்டு அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். முதல் மாதத்தில் எழும் கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

உயிரோடு வைத்திருத்தல்

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டியில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பிரிவைத் தொடக்கும்போது நிகழ்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்து 180 பேர் காயமடைந்தனர். தொடக்க நடைமுறை காலாவதியாகியிருந்ததையும், முந்தைய தொடக்கங்களிலும் அதிலிருந்து விலகுவது வழக்கமாகிவிட்டிருந்ததையும் அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது. ஆயினும் அந்த நடைமுறைகள் முழுமையாகவும் நடப்பிலும் உள்ளன என்று ஆண்டுதோறும் நிர்வாகம் சான்றளித்து வந்தது. நாள்காட்டி சொல்லும் தேதியில் கையொப்பமிடும் மறு ஆய்வு எதையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே மறு ஆய்வை நிகழ்வுகளோடு பிணைக்க வேண்டும். ஒரே படிக்கு மூன்றாவது விதிவிலக்கு கேட்கப்பட்டால், அந்தப் படியின் உரிமையாளர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். நடைமுறை சொல்லும் கருவியோ மென்பொருளோ பொறுப்போ மாறினால் திறக்க வேண்டும். ஒரு பாகம் திரும்பி வந்து, அது வெளியேறியபோது நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தது என்று தெரிந்தால் கட்டாயம் திறக்க வேண்டும், ஏனெனில் அங்கே குறை ஆவணத்தில்தான் இருக்கிறது. ஆண்டு மறு ஆய்வு இவற்றுக்கு மேல் இருக்கலாம். அப்போது கையொப்பத்துக்குப் பதிலாக, அண்மையில் முடிந்த இரண்டு கோப்புகளை நடைமுறையோடு ஒப்பிட்டதன் குறிப்பைக் கேளுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் மாற வேண்டியது வேலையா ஆவணமா என்பதை உரிமையாளர் அப்போதே முடிவு செய்ய வேண்டும்.

பிழை கண்டவர் அதைச் சொல்வதற்கான வழி ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அது ஒரு மின்னஞ்சல் முகவரியாக இருந்தாலும் போதும். எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் பொறுப்பை மாற்றுவதற்கும் ஒரே ஒப்புதல் பாதை வைத்தால் சிறு பிழைகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆவணக் கட்டுப்பாட்டாளரே முடிக்கக்கூடிய சிறு திருத்தம், உரிமையாளர் ஒப்புதல் வேண்டிய பெரிய திருத்தம் என்று இரண்டு பாதைகள் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தோடும் என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஐந்தாண்டுகள் கழித்து ஒரு படியைத் தேவையற்றது என்று நீக்க நினைப்பவருக்கு அந்த ஒரு வரி மட்டுமே துணையாக இருக்கும்.

பயனற்றுப் போன நடைமுறையை முறையாக விலக்கிக்கொள்ளவும் வேண்டும். அதன் எண்ணை வேறு ஆவணத்துக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. அதைச் சுட்டும் மற்ற ஆவணங்களையும் படிவங்களையும் தேடித் திருத்திய பிறகே விலக்க வேண்டும். பழைய பதிப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் வைத்து, அந்தப் பதிப்புகளின்படி தயாரான பொருள்கள் பயன்பாட்டில் இருக்கும் காலம்வரை, சட்டமும் ஒப்பந்தமும் அதைவிட நீண்ட காலம் கேட்டால் அந்தக் காலம்வரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எது செல்லுபடியானது என்ற விவரத்தோடு பாதுகாக்க வேண்டும்.